கிறேசம்மாவின் மூன்றாவது சொல்

நெடுந்தீவில் கிறேசம்மா அக்கா தெருவால் போனால், "கசெற் அக்கா போறா" என்று ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவருக்கு அது கேட்கும். கேட்டாலும் கோபிக்கமாட்டார், சில நாள் தானும் சேர்ந்து சிரிப்பார். வேதபாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தன் பெயரை எழுதவும் மட்டுமே தெரிந்த அந்த மனிசி, ஓர் இங்கிலீசுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கோட்டில் நின்று வழக்கை வென்றவர். அந்த வழக்கில் மூக்குடைபட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஊர்த்தலைவரான விதானையார், மற்றவன் நான். விதானையார் பெரிய மனிதர், இதைத் தன் வாயால் வெளியில் விடமாட்டார். எனக்குக் காப்பாற்ற அப்படிப் பெரிய பெயர் எதுவும் இல்லாதபடியால் நான் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழில் நான் நெடுந்தீவுக் கிராமக் கோட்டில் கிளாக்கர். சொந்த ஊர் வேலணை. சீனியர் சோதனை சித்தியெய்தியவன். அந்தச் சோதனையை எழுதி முடித்த நாளிலிருந்து என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தே நின்றது; அதைத் தாழ்த்துவதற்கு யாரும் அதுவரை வரவில்லை.

கோடு என்றால் பெரிய நீதிமன்ற மாளிகை என்று நினைக்கவேண்டாம். கல்லுச் சுவர், பனையோலைக் கூரை, ஒரு மேசை, மூன்று கதிரை, பூட்டு வேலை செய்யாத ஓர் அலுமாரி. மாதத்தில் ஒரு நாள் ஊர்காவற்றுறையிலிருந்து பிரசிடென்ற் ஐயா வள்ளத்தில் வருவார். சின்னச் சின்ன வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, காற்று மாறமுன் திரும்பிவிடுவார். வழக்காடும் அப்புக்காத்துமாருக்கு அங்கே இடமில்லை. யாருடைய வழக்கோ அவரே தன் வாயால் பேசவேண்டும். மற்ற நாள்களில் கோடு என்றால் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கிறேசம்மா அக்காவை எனக்குப் பாலால்தான் தெரியும். காலையில் ஒரு செம்புப் பால் கோட்டுக்குப் பின்னால் இருந்த என் அறைக்கு வரும். அதில் தண்ணீர் கலந்ததாக ஒரு நாளும் நான் சந்தேகப்பட்டதில்லை. நெடுந்தீவில் தண்ணீர் பாலைவிட அருமை என்பதும் ஒரு காரணம். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். புருசன் அம்புறோஸ் ஆறு வருசத்துக்கு முன் வயிற்றுவலி என்று படுத்து இரண்டாம் நாள் போய்விட்டார். அவர் விட்டுப்போனது மாக்கிறேற் என்ற ஒரு மகளையும், ஒரு துண்டுப் பனங்காணியையும், மூன்று பசுக்களையும். மகளுக்கு அந்த வருசம் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை கிழக்குப் பக்கத்துப் பெடியன். சீதனம் அந்த மூன்று பசுக்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை, வேறு ஒன்றும் இருக்கவும் இல்லை.

இனி மாட்டுக் கதை. நெடுந்தீவில் அறுவடை முடிந்தால் மாட்டைக் கட்டுவதில்லை. அவிழ்த்து விட்டுவிடுவார்கள். மாரி மழை விழும்வரை அது தீவு முழுக்க மேயும்; கறவை மாடு மட்டும் காலையில் வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி, கன்றிலேயே சுட்டுவிடுவார்கள். அம்புறோஸின் குறி ஒரு சிலுவை, அதன் கீழே ஒரு கீறு. குறியைப் பார்த்து யாருடைய மாடு என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். களவும் இல்லை, கயிறும் இல்லை. ஆனால் கோடையில் மாடுகள் தாகம் தாங்காமல் குடிதண்ணீர்த் துரவுகளுக்குள் இறங்கிவிடும். துரவு என்பது கட்டில்லாத கிணறு. உள்ளே இறங்கிய மாடு தண்ணீரைக் கலக்கி, சாணமும் போட்டுவிட்டு ஏறிவரும். அதைத்தான் பிறகு பெண்கள் வடித்துக் குடத்தில் எடுக்கவேண்டும்.

ஆகவே கிராமச் சங்கம் ஒரு விதி எழுதியது. இனிமேல் கோடையிலும் மாட்டைக் கட்டவேண்டும், கட்டாக்காலியாய்த் திரியும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம், பத்து நாளில் குற்றப்பணம் கட்டி மீட்காவிட்டால் ஏலம் போடலாம். நல்ல விதிதான். மாசி மாதத்தில் சங்கத்தில் கைதூக்கி, ஏசண்டுத் துரையின் அலுவலகமான கச்சேரிக்கு அனுப்பி, அங்கிருந்து கொழும்புக்கும் போய்விட்டது என்று பேச்சு. ஆடி மாதத்தில் ஏசண்டுத் துரையின் கந்தோரிலிருந்து 'அங்கீகாரம் கிடைத்தது' என்று ஒரு கடிதம் வந்ததும் விதானையார் தம்பிராசா பறை அடிப்பித்தார்.

விதானையார் கெட்ட மனிதர் அல்ல. அவருடைய தகப்பனும் விதானை, பாட்டனும் விதானை. வரி என்றாலும், அம்மைக்குத் தடுப்பூசி என்றாலும், துரை வருகிறார் என்றாலும் மூன்று தலைமுறையாக நெடுந்தீவுக்குப் பறையடித்தே அறிவித்தார்கள். பறை அடித்துவிட்டால் சட்டம், அடிக்காவிட்டால் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் அது சோளகக் காற்றுக் காலம். பறை வடக்குப் பக்கத்தில் அடித்தது. கிறேசம்மா அக்காவின் வீடு தென்மேற்கில், கடலோரம். காற்று அங்கிருந்து இங்கே அடிக்கிறது. பறைச் சத்தம் எதிர்த்துப் போகுமா? போகவில்லை.

ஓகஸ்ட் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, விதானையாரின் ஆட்கள் பதினான்கு மாடுகளைப் பிடித்துக் கல்லுப்பட்டியில் அடைத்தார்கள். அதில் மூன்று அக்காவுடையவை.

மறுநாள் காலை அவர் வெறும் செம்போடு வந்து நின்றார்.

"தம்பி, இண்டைக்குப் பால் இல்லை. மாடு மூண்டும் பட்டியில நிக்குதுகள்."

"தெரியும் அக்கா," என்றேன். தெரியாமல் என்ன, மாடு பிடித்த அறிவித்தலை எழுதியவனே நான்தானே. "கட்டாக்காலிச் சட்டம். குற்றப்பணத்தைக் கட்டி அவிழ்த்துக்கொண்டு போங்கோ."

"என்னட்டை எங்கை தம்பி கிடக்கு?"

"அப்ப அடுத்த வியாழன் பிரசிடென்ற் ஐயா வருவார், அவரிட்டைச் சொல்லிப் பாருங்கோ. அதுக்கடுத்த நாள் ஏலம்."

அக்கா அழவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில கிடக்கு? ஒருக்கா வாசியும், கேப்பம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கிராமச் சங்கச் சட்டப் புத்தகத்தை எடுத்து, சங்க விதிகளைப் பற்றிய இடத்தைப் பிடித்து, சீனியர் சோதனை குரலில் நீட்டி வாசித்தேன். ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கு இங்கிலீசைப்போல வேறு மருந்து கிடையாது என்பது அக்காலத்து என் அனுபவம். ஒரு விதி 'மேட், அப்புறூவ்ட் அன்ட் புறமல்கேற்றட்' ஆனால்தான் செல்லும் என்று அதில் இருந்தது.

"கடைசியில மூண்டு சொல்லுச் சொன்னீர். அதுகளுக்கு என்ன கருத்து?"

"எல்லாத்துக்கும் ஒரே கருத்துத்தான் அக்கா. சட்டம் போடுறது."

"மூண்டும் ஒண்டெண்டால் வெள்ளைக்காரன் ஏன் மூண்டு தரம் மையைச் செலவழிக்கிறான்?"

நான் திடுக்கிட்டேன். ஆனால் சோதனை சித்தியெய்தியவன் அதைக் காட்டலாமா? "அது அவங்கட எழுத்து நடை" என்று சொன்னேன். அக்கா விடவில்லை. முதற் சொல் என்ன, இரண்டாவது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மேட் என்றால் செய்தது, சங்கம் கைதூக்கியது. அப்புறூவ்ட் என்றால் மேலிடம் ஓமென்றது. மூன்றாவதுக்கு வந்ததும் நான் தடுமாறினேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சொல்லின் கருத்து எனக்குச் சரியாகத் தெரியாது. படித்த காலத்தில் எங்கேயோ கண்டிருக்கிறேன். தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு, அவ்வளவுதான். "அதுவும் அதைப்போல ஒண்டுதான்" என்று மழுப்பினேன்.

"திருப்பிச் சொல்லும், சொல்லை."

"புறமல்கேற்."

அவர் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. மூன்றாம் தரம் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. செம்பை எடுத்துக்கொண்டு, அதைச் சொல்லிக்கொண்டே போனார். நான் அன்று பால் இல்லாத தேத்தண்ணீர் குடித்தேன். எரிச்சலாக இருந்தது. மாடு போனதற்காக அல்ல, அந்தக் கேள்விக்காக.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பன் வந்து அக்காவின் வாசலில் நின்றுகொண்டே சொன்னாராம்: "நாளைக்குக் கோயில்ல கூறுறதை மறிக்கேல்லை. ஆனால் மூண்டாம் கூறுக்கு முந்தி மாடு என்ரை வளவில நிக்கவேணும். இல்லாட்டி நாங்கள் வேறை இடம் பாக்கவேண்டி வரும்." மாக்கிறேற் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அன்று முழுக்கத் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை என்று அக்கா பிறகு எனக்குச் சொன்னார்.

கூறுவது என்றால் வேதக்காரரான கத்தோலிக்கருக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கலியாணம் பேசி முடிந்ததும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் எழுந்து, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கலியாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊருக்கு அறிவிப்பார். மூன்று கூறும் முடிந்தால்தான் தாலி. அந்த ஞாயிறு மாக்கிறேற்றுக்கு முதற் கூறு. பெண்கள் பக்கத்தில் முழந்தாளில் இருந்த அக்காவுக்கு மகளின் பெயர் காதில் விழுந்ததும் சந்தோசம் வரவில்லை. பட்டியில் நிற்கும் மாடுகள்தான் நினைவுக்கு வந்தன. கூடவே தன் கலியாணமும் வந்தது. அதற்கும் எல்லாம் பேசி முடித்தாயிற்று, சாமியாரும் சம்மதித்தாயிற்று. ஆனால் கடல் கொந்தளித்து, சாமியாரின் வள்ளம் வரவில்லை. இரண்டாம் கூறு நின்றுபோனது. எடுத்துவைத்த கூறைச் சேலையோடு மூன்று வாரம் காத்திருந்தார்கள். தகப்பன் பேசியிருந்தாலும், சாமியார் ஓம் என்றிருந்தாலும், கோயிலில் கூறாத கலியாணம் கலியாணம் அல்ல.

முழந்தாளில் இருந்தபடியே அவருக்கு அந்த மூன்றாவது சொல் விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோசத்தில் எல்லாரும் எழும்பிய பிறகும் தான் எழும்பவில்லையாம்.

திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறக்கமுன் வாசலில் நின்றார்.

"தம்பி, கண்டுபிடிச்சிட்டன். புறமல்கேற் எண்டால் கூறுறது."

"என்ன?"

"பேசுறது ஒண்டு. ஓமெண்டுறது ரெண்டு. எல்லாரும் அறியக் கூறுறது மூண்டு. மூண்டாவது நடவாட்டி முதல் ரெண்டும் நடந்தும் நடவாத மாதிரித்தான். சரியோ?"

நான் உள்ளே போய் அகராதியை எடுத்தேன். அது என் பெட்டியின் அடியில் இருந்தது. வேலைக்கு வந்தபிறகு திறந்ததில்லை. அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தேன். யாவரும் அறியப் பிரசித்தஞ் செய்தல் என்று போட்டிருந்தது. வேதபாடப் புத்தகம் மட்டும் வாசித்த மனிசி, முழந்தாளில் இருந்து கண்டுபிடித்ததற்கும் அகராதிக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரிதான் அக்கா," என்றேன். "ஆனால் கூறினதுதானே. விதானையார் பறை அடிச்சவர்."

"புத்தகத்தில பறையெண்டோ கிடக்கு?"

மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தேன். பறை என்று இல்லை. கசெற் என்று இருந்தது. கசெற் என்பது வெள்ளிக்கிழமை தோறும் கொழும்பில் அச்சடிக்கும் அரசாங்கப் பத்திரிகை; கட்டாக எங்கள் கோட்டுக்கும் வரும். வந்ததை நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெரும்பாலும் கட்டவிழ்க்காமல் அலுமாரியில் போட்டேன். மேசையின் ஒரு கால் குட்டை, அதற்குக் கீழே நாலைந்தை மடித்து வைத்திருந்தேன்.

"அப்ப அந்தக் கசெற்றில கூறிப்போட்டாங்களோ எண்டு பாரும்."

"அது என்ரை வேலையில்லை அக்கா. கோட்டில கேளுங்கோ," என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய கையோடு கதவைச் சாத்தி, எல்லாக் கட்டையும் அவிழ்த்தேன். மேசைக் காலடியில் கிடந்ததையும் உருவினேன். மேசை சாய்ந்து மைக்கூடு கவிழ்ந்தது. மாசி மாதத்திலிருந்து ஓகஸ்ட் பதின்மூன்றாம் தேதிவரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். காலியில் ஒரு பாலம், கண்டியில் ஒரு சந்தை, யாரோ ஒரு துரைக்கு லீவு எல்லாம் இருந்தது. நெடுந்தீவின் மாடு இல்லை. சட்டம் இன்னும் பிறக்கவில்லை. பிறவாத சட்டத்துக்கு நான் 'அமுலில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தேன்.

இதை உடனே விதானையாரிடம் சொல்லியிருந்தால் அன்றே பட்டி திறந்திருக்கும். நான் சொல்லவில்லை. என் பிழை வெளியில் வரும் என்ற பயம். அக்கா கோட்டில் நின்று பயந்து பேசாமல் விட்டுவிடுவார் என்றும், அப்போது நான் தப்பிவிடுவேன் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை, இருபத்தாறாம் தேதி. பிரசிடென்ற் ஐயாவின் வள்ளம் பத்து மணிக்கு வந்தது. அதே வள்ளத்தில் தபாற் பையும் வந்தது; பையில் ஒரு புதுக் கசெற் கட்டு. அதை என் கதிரையின் கீழே வைத்தேன். கோடு நிறைந்திருந்தது. மாடு பறிகொடுத்த மற்றவர்களும் வந்து சுவரோரம் நின்றார்கள், பேசுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. சட்டத்தோடு மல்லுக்கட்ட யாருக்குத் துணிவு?

விதானையார் எழுந்து தன் பக்கத்தைச் சொன்னார். சங்கம் தீர்மானித்தது, மேலிடம் சம்மதித்தது, பறை அடித்தது, மாடு பிடித்தது. சுருக்கமாக, மரியாதையாகச் சொன்னார்.

"நீர் என்ன சொல்லுறீர், கிறேசம்மா?" என்று பிரசிடென்ற் ஐயா கேட்டார்.

அக்கா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, சட்டம் நல்ல சட்டம். நானும் அந்தத் துரவில தண்ணி அள்ளுறவள்தான். ஆனால் ஒரு கேள்வி. இதைப் புறமல்கேற் பண்ணினதோ?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிரசிடென்ற் ஐயா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"அந்தச் சொல்லுக்குக் கருத்துத் தெரிஞ்சுதான் கேக்கிறீரோ?"

"ஓம் ஐயா. ஊரறியக் கூறுறது. சங்கம் பேசினது சரி, கச்சேரி ஓமெண்டது சரி. கசெற்றில கூறினதோ? நல்ல சட்டமெண்டால் கூறுறதுக்கு ஏன் வெக்கம்?"

பிரசிடென்ற் ஐயா என் பக்கம் திரும்பினார். "கிளாக்கர், கசெற்றைப் பாரும்."

"பதின்மூன்றாந் தேதிவரை இல்லை, ஐயா," என்றேன்.

"பார்க்காமலே சொல்லுறீரே?"

"பார்த்துவிட்டேன் ஐயா. திங்கட்கிழமை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும். அக்காவும் என்னைப் பார்த்தார். ஏச்சு இல்லாத பார்வை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இண்டைக்கு வந்த கட்டு எங்கை? அதையும் அவிழும்."

கதிரைக்குக் கீழே இருந்து எடுத்தேன். சணல் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எந்தப் பத்திரிகையையும் புரட்டியதில்லை. இருக்கக்கூடாது, இருக்கக்கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. என் பிழை எப்படியும் வெளியாகிவிட்டது, இனி மறைக்க ஒன்றும் இல்லை. இந்த மனிசியாவது வெல்லட்டும் என்று அப்போதுதான் நினைத்தேன். நடுப் பக்கத்தில் இருந்தது. நெடுந்தீவுக் கிராமச் சங்கம், கால்நடை விதி.

"இருக்கு ஐயா," என்றேன்.

"பாத்தியளோ!" என்று விதானையார் துள்ளி எழும்பினார். "நான் சொன்னனான்தானே! இருக்கு!"

சுவரோரம் நின்ற சனம் பெருமூச்சு விட்டது. கதவடியில் நின்ற மாக்கிறேற் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அக்கா மட்டும் அசையவில்லை. என்னைப் பார்த்து, "தேதி என்ன போட்டுக் கிடக்கு, தம்பி?" என்று கேட்டார்.

நான் மேலே பார்த்தேன். "இருபது. வெள்ளிக்கிழமை."

"மாடு பிடிச்சது பதினேழு, ஐயா. செவ்வாய்க்கிழமை."

பிரசிடென்ற் ஐயா என் கையிலிருந்த கசெற்றை வாங்கிப் பார்த்தார். பிறகு அறிவித்தலில் நான் எழுதியிருந்த தேதியையும் பார்த்தார்.

"மூண்டு நாள்தானே வித்தியாசம்," என்றார் விதானையார். ஆனால் குரலில் முந்தின துள்ளல் இல்லை.

"கூற முந்தி மூண்டு நாள் எண்டாலும் தாலி கட்டேலாது, விதானையார்," என்றார் அக்கா.

இந்த முறை பிரசிடென்ற் ஐயாவும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பேனையை எடுத்தார். "மூன்று மாட்டையும் அவிழ்த்துவிடவேண்டும். குற்றம் இல்லை, குற்றப்பணமும் இல்லை. ஆனால் கிறேசம்மா, இண்டைக்கு இது சட்டம். இனிக் கட்டவேணும்."

"கூறியாச்செல்லோ ஐயா. இனிக் கட்டுவன்."

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் அவர் போகாமல் நின்றார்.

"மற்றப் பதினொண்டும், ஐயா?"

"அந்த ஆட்கள் என்னட்டை முறையிடேல்லையே."

"அதுகளையும் அதே செவ்வாய்க்கிழமைதான் பிடிச்சது."

பிரசிடென்ற் ஐயா கசெற்றின் தேதியை இன்னொருதரம் பார்த்தார். பிறகு என்னிடம், "பதினான்கு என்று எழுதும்," என்றார். நான் எழுதினேன். அவ்வளவு சந்தோசமாக ஓர் எண்ணை நான் அதற்கு முன்பும் எழுதவில்லை, பிறகும் எழுதவில்லை. சுவரோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் கோட்டுக்குள் பேசக்கூடாது என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

பட்டியின் படலையை விதானையார் தன் கையாலேயே திறந்தார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். "எங்கட அப்பு காலம் தொட்டுப் பறை அடிச்சால் சட்டம்தான்," என்று அக்காவிடம் சொன்னார், மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

"உம்மைப் பிழை சொல்லேல்லை. நீர் உம்மட பங்குக்குக் கூறினீர். எங்கட பக்கம் காத்துக்குக் கேக்கேல்லை, அவ்வளவுதான்."

மாடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தன. ஒன்பது நாள் அரைவயிற்றோடு நின்றவை. விலா எலும்பு தெரிந்தது. அக்கா குறியைப் பார்த்துப் பார்த்து, இது இன்னாருடையது, இது இன்னாருடையது என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். போகும் ஒவ்வொருவரிடமும், "இண்டையிலிருந்து கட்டவேணும், சட்டமாப் போச்சு, அயலுக்கும் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டார். கொழும்பில் அச்சடித்துக் கூறியதை நெடுந்தீவில் வீடுவீடாகச் சேர்த்தவர் அவர்தான்.

கடைசியில் சிலுவைக் குறி போட்ட மூன்றும் மிஞ்சின. மாக்கிறேற் இரண்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் நடையே மாறியிருந்தது. மற்றதன் கழுத்தில் கயிற்றைப் போட்ட அக்கா, அப்படியே பட்டிக் கல்லில் குந்தி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழத் தொடங்கினார். நான் பதறிப்போனேன். பிடித்த அன்று அழாதவர், சம்பந்தி வாசலில் நின்று சொன்னபோது அழாதவர், கோட்டிலும் அழாதவர்.

"அக்கா, எல்லாம் நல்லா முடிஞ்சுதே. இப்ப ஏன் அழுறியள்?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அழுகையும் நிற்கவில்லை.

"எட்டு நாளா அந்தச் சொல்லை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சனான், தம்பி. அழுதால் மறந்துபோமெண்டு பயம்."